நிற்கும்போது வீசாத காற்று

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் கோபாலபுரம் எல்லையைத் தாண்டினால் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும், பேச்சு மாறாது. கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பட்டறைகளில் தமிழ் புழங்குகிறது. அந்தப் பட்டறைகளில் சித்திரை வெயில் காலத்தில் தவறாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “வண்டி ரொம்ப ஹீட் ஏறுதுங்க, எலக்ட்ரிக் ஃபேன் போட்டுரலாமுங்களா?” கேட்பவர் பழைய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, மகிந்திரா ஜீப்போ வைத்திருப்பவர். பதில் பெரும்பாலும் “போட்டுரலாம்” என்றே வருகிறது. இந்தப் “போட்டுரலாம்” எந்த வண்டிக்குச் சரி, எதற்கு வீண்செலவு, சரியென்றால் ஒயரை எப்படி இழுப்பது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். மின்சார ஃபேன் ஒரே ஒரு நோய்க்கு மருந்து: வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகாமல் ஏறும் சூடு. மற்ற சூடுகளுக்கு அதைப் போடுவது, வயிற்றுவலிக்காரருக்குக் கண்ணாடி வாங்கித் தருவது போன்றது. இன்னொன்று, ஃபேன் என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும். வேலை முக்கால்வாசியும் ஒயர், ரிலே, ஃபியூஸ், எர்த் ஆகியவற்றில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் கெட்டுப்போன ஃபேன்களைவிட, கெட்டுப்போன ஒயரிங்கால் நின்ற வண்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி இங்கே ஏன் இவ்வளவு அடிக்கடி எழுகிறது என்பதற்கு நிலமே பாதிக் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் விட்டுக்கொடுத்த இடைவெளிதான் நமக்குக் காற்றும் தருகிறது, வெயிலும் தருகிறது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. கேரளம் என்றால் மழையும் குளிர்ச்சியும் என்று நினைப்பவர்களுக்கு அது செய்தி. பாலக்காட்டின் கிழக்கே இருக்கும் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு அது வழக்கமான வெயில் கொஞ்சம் கூடிய நாள். காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும்போது, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மெதுவாக வரும் வண்டியின் முதுகில்தான் விழுகிறது, ரேடியேட்டருக்குள் புகுவதில்லை. அதே வண்டி திரும்பிப் போகும்போது முள் இறங்கிவிடும். “போகும்போது நல்லா இருக்கு, வரும்போது கொதிக்குது” என்று ஒருவர் சொன்னால் அவரை நான் சந்தேகிப்பதில்லை.

மீதிக் காரணம் எல்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாகச் செக்போஸ்ட்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய், லாரி வரிசை குறைந்தது. அதற்கு முன்பு வாளையாரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்களின் பானட்கள் திறந்து கிடந்த காட்சி நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2020 மே மாதம் பாஸ் கேட்டு நின்ற கார்களால் அதே வாளையாரில் அந்தக் காட்சி சில நாட்களுக்குத் திரும்ப வந்தது. தெற்கே இடுக்கி எல்லையில் இன்னொரு வகை நெரிசல். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும்வரை சபரிமலை வண்டிகள் கம்பத்திலிருந்து மலையேறுகின்றன. கூட்டம் மிகும் நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து நடக்கும். ஏறிவந்து கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின், வளைவில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு காரின் குளிரூட்டும் அமைப்புக்கு இதைவிடக் கடுமையான தேர்வு சமவெளியில் கிடையாது.

இனி அடிப்படைக்கு வருவோம். எரிபொருளில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைத் தள்ள மிஞ்சும். இன்னொரு பங்கு புகையோடு போகும். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீரில் இறங்கி ரேடியேட்டருக்கு வரும். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள ஜீப் ஒன்று, 15 அடிக்கு ஓரடி உயரும் மலைப்பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 10 கிலோவாட் அளவுக்கு இழுவை வேண்டும். அதே அளவு சூட்டை ரேடியேட்டர் ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் இரண்டு கிலோவாட் கீசர் ஐந்தை ஒன்றாகப் போட்டது போன்ற சூடு. அதை எடுத்துப் போவது காற்று ஒன்றுதான்.

பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேனின் குணம் விசித்திரமானது. இன்ஜின் வேகமாக ஓடினால் அதுவும் ஓடும். இன்ஜின் ஐடிலில் சோம்பினால் அதுவும் சோம்பும். ஆனால் காற்று அதிகம் வேண்டியது வண்டி நிற்கும்போது. மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி ஓடும் வேகமே போதிய காற்றைத் தள்ளிவிடும். அப்போது ஃபேன் வெறும் பாரம். அதுவும் சின்னப் பாரம் இல்லை. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். ஐடிலில் 750 சுற்று ஓடும் இன்ஜின் 3,000 சுற்றுக்குப் போனால் வேகம் நான்கு மடங்கு, ஃபேனுக்கான செலவு 64 மடங்கு. வேண்டாத நேரத்தில் வாரிக்கொடுத்து, வேண்டிய நேரத்தில் கையை விரிக்கிறது. நெரிசலில் நின்றபடி பழைய டிரைவர்கள் நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிடுவது ஜம்பத்துக்காக இல்லை. ஃபேனையும் வாட்டர் பாடி எனப்படும் தண்ணீர் பம்பையும் சுற்றவைக்கத்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று மட்டும் யோசித்துக் கார் கம்பெனிகள் மின்சார ஃபேனுக்கு மாறவில்லை. இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள், அதனால் மாறினார்கள். முன்சக்கர இழுவைக்காக இன்ஜினைக் குறுக்காக வைத்தால் கிராங்க் பக்கவாட்டைப் பார்க்கும், ரேடியேட்டர் முன்பக்கத்தைப் பார்க்கும்; நடுவில் பெல்ட் ஃபேனுக்கு வழியில்லை. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் ஓரம் வைத்துச் சமாளித்தது. 1969-இல் வந்த ஃபியட் 128 ரேடியேட்டரை முன்னால் நிறுத்தி, வெப்பத்தைப் பார்த்து ஓடும் மின்சார ஃபேனை அதில் மாட்டியது. உலகம் இரண்டாவது வழியைத்தான் எடுத்துக்கொண்டது. நமக்கு அது 1983 டிசம்பரில் மாருதி 800 வடிவில் வந்து சேர்ந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், குறுக்கு இன்ஜின். சாவியை எடுத்த பிறகும் சில சமயம் ஃபேன் தானாக ஓடுவதைப் பார்த்து, “வண்டியில ஏதோ கோளாறு” என்று பேட்டரி ஒயரைப் பிடுங்கியவர்கள் அந்நாளில் உண்டு. அதே காலத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் பெல்ட் ஃபேனோடு தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. 2014 மே மாதம் ஆலை நிற்கும்வரை அந்த நீளவாக்கு இன்ஜின் அமைப்பு மாறவில்லை.

ஆக, மின்சார ஃபேன் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது “எங்கே ஹீட் ஏறுது?” என்பதுதான்.

நிற்கும்போதும் ஊரும்போதும் ஏறி, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறதா? காற்றுக் குறை. ஃபேன் பேச்சுக்கு வரலாம். நாலுவழிச் சாலையில் 80-இல் போகும்போது ஏறுகிறதா? அப்போது காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரம் ரூபாய் ஃபேனோ பத்தாயிரம் ரூபாய் ஃபேனோ எதையும் மாற்றாது. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். மலையேறும்போது ஏறுகிறதா? இது சிக்கலான இடம். ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் வேகமாக ஓடுகிறது. பெல்ட் ஃபேனும் கூடவே வேகமாகச் சுற்றுகிறது. அப்படியும் கொதிக்கிறது என்றால் ஃபேனைக் குற்றம் சொல்ல முடியாது. ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டைமிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குளிர்ந்த இன்ஜினில் பார்க்க வேண்டும். வந்தால் ஹெட் கேஸ்கட்.

தினமும் விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்கள் இதற்கு நல்ல பாடம். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏறும் ஜீப்களில் பல பெல்ட் ஃபேன் கொண்டவை. பராமரிப்பு சரியாக இருக்கும் வண்டி கொதிக்காமல் ஏறிவிடுகிறது. கொதிக்கும் ஜீப்பின் பானட்டைத் திறந்தால் என் கண் முதலில் தேடுவது ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூண்டை. எப்போதோ ரேடியேட்டர் கழற்றியபோது “இது எதுக்கு இடைஞ்சலா” என்று ஓரமாகப் போட்டது, பிறகு ஏறவேயில்லை. கூண்டு இல்லாத ஃபேன், பக்கவாட்டில் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுத்துத் திரும்பத் திரும்பச் சுற்றும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளுக்கும் காற்று போகாது. ஜீப்காரர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: கூண்டைத் தேடிப் போடுங்கள், பெல்ட்டை இறுக்குங்கள், மின்சார ஃபேனை மறந்துவிடுங்கள். சேறும் ஓடைத் தண்ணீரும் தாண்டும் வண்டிக்கு எளிமையான பெல்ட் ஃபேனே உகந்தது. ஆழமான நீரில் இறங்குமுன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடிக்காது என்பது பழைய ஜீப்காரர்களின் கைமருந்து. மின்சார ஃபேன் வைத்தவர் அந்த இடத்தில் சுவிட்சை அணைக்க மறந்தால், தண்ணீரில் சுழலும் பிளாஸ்டிக் இதழ் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கவும் வாய்ப்புண்டு.

ரேடியேட்டர் அடைப்புக்கு நம் வட்டாரத்தில் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னைநார் ஆலைகள். நார்த்தூள் ஏற்றிய லாரிக்குப் பின்னால் நாள்தோறும் போகும் வண்டியின் ரேடியேட்டர் இதழ்களுக்குள் அந்தத் தூள் புகுந்து, மழையில் நனைந்து, அட்டை போல் ஒட்டிக்கொள்ளும். ஏ.சி. உள்ள வண்டியில் முன்னால் கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் சேர்வது வெளியே தெரியவே தெரியாது. உள்ளே ஊற்றும் போர்வெல் தண்ணீரின் உப்பு, வெளியே நார்த்தூள். இந்த நிலையில் புது ஃபேன் போடுவது அடைத்த சாக்கடைக்குப் பெரிய வாளி வாங்குவது மாதிரி. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் உயிர். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் சமவெளியில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்காவிட்டால் 100-இல் கொதிக்கும். மூணாறு மாதிரி 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மின்சார ஃபேனைத் தட்டிவிடும் வெப்பச் சுவிட்சுகளில் பல 92 அல்லது 95 டிகிரியில் வேலை செய்பவை. அதாவது கெட்ட மூடியோடு மூணாறு போனால் ஃபேன் ஓட ஆரம்பிக்கும் நேரமும் தண்ணீர் கொதிக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். “புது ஃபேன் போட்டும் கொதிக்குதே” என்பவர்கள் முதலில் மூடியை மாற்றிப் பார்க்கட்டும். இருநூறு, முந்நூறு ரூபாய் வேலை.

இவ்வளவும் பார்த்து முடித்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறும் அம்பாசிடரோ பத்மினியோ மிஞ்சினால், அப்போது மின்சார ஃபேன் நல்ல முடிவுதான். அதிலும் பழைய வண்டியில் ஏ.சி. பொருத்துகிறீர்கள் என்றால், கண்டென்சருக்கு ஒரு மின்சார ஃபேன் இல்லாமல் ஆகவே ஆகாது.

கரண்ட் எங்கிருந்து?

ஃபேன் வாங்கப் போகுமுன் வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. கட் அவுட் பிரிந்து சார்ஜ் விளக்கு எரியும். ஃபேன் ஓட வேண்டியதோ ஐடிலில். பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும் ஃபேன் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஓடினால் 20 ஆம்பியர்-மணிக்கு மேல் பேட்டரியிலிருந்து போயிருக்கும். இரவாக இருந்து ஹெட்லைட்டும் மழைக்கு வைப்பரும் ஓடினால் இருமடங்கு. பிறகு செல்ஃப் எடுக்காது. சூட்டிலிருந்து தப்பிய வண்டியைத் தள்ள வேண்டி வரும். ஆகவே டைனமோ வண்டிக்காரர் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறட்டும். சென்னை பாடியில் 1960-களிலிருந்து இயங்கும் லூகாஸ் டி.வி.எஸ். தயாரிப்புகளே கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். மாற்றும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். அதில் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் டயோடுகள் எரியும். ஃபேனை நிறம் பார்த்து மாட்டினால் தலைகீழாகச் சுற்றும்.

பழைய சாமான் கடையில் ஃபேன் எடுக்கும்போது டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். சிறிய காரின் ஃபேன் ஏழெட்டு ஆம்பியரில் நிற்கும். பெரியவை பதினைந்து, இருபதுக்கும் போகும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எகிறும். கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் ஓடி நிற்க வேண்டும். கரகரத்தால் புஷ் போயிருக்கிறது.

ஒயர் விஷயம்

என் பழைய டீசல் அம்பாசிடருக்கு ஒரு பட்டறையில் ஃபேன் போட்டேன். பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர், வேகமானவர். சாவி சுவிட்சுக்குப் பின்னால் ஹார்ன் ஒயர் பருமனில் ஒன்றை இழுத்து, டாஷ்போர்டில் ஒரு தட்டுச் சுவிட்ச் வைத்து, நேராக ஃபேனுக்குக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மார்கழியில் கம்பம்மெட்டு ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு ஃபேனை ஓடவிட்டபோது இருபதாவது நிமிடம் பிளாஸ்டிக் கருகும் வாசனை. டாஷ்போர்டுக்குள் ஒயர்க் கட்டு முழுதும் உருகி ஒன்றாக ஒட்டியிருந்தது. கறுப்பு வேட்டியோடு நாங்கள் நான்கு பேரும் வண்டியை ஓரமாகத் தள்ளினோம்.

அன்று நடந்ததைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.017 ஓம். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு போய்த் திரும்ப முன்னால் வர ஐந்து மீட்டர். 12 ஆம்பியர் ஓடினால் ஒயரில் மட்டும் ஒரு வோல்ட் தொலைகிறது, 12 வாட் சூடாக. நெருக்கிக் கட்டிய கட்டுக்குள் அந்தச் சூட்டுக்குப் போக்கிடமில்லை. இதில் நாற்பது வருடச் சாவி சுவிட்சின் தேய்ந்த முனைகளும் சேரும். மறுபுறம் ஃபேனின் வேகமும் குறையும். 13 வோல்ட்டில் ஒன்று குறைந்தாலே அதன் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு மீட்டர் இழுத்தால் நட்டம் 0.1 வோல்ட் மட்டுமே.

சரியான வழியும் கடினமானதல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பருமனான ஒயர். ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது ஃபேனை இல்லை, ஒயரை. ஓடும் ஆம்பியரில் ஒன்றரை மடங்கு அளவு ஃபியூஸ் போதும். அடிக்கடி போகிறதே என்று பெரியதாகப் போடக்கூடாது, ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் எண் முனை. 87-ஆம் முனையிலிருந்து ஃபேன். ஃபேனின் மறு ஒயர் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் எர்த். முடிந்தால் பேட்டரி நெகட்டிவுக்கே தனி ஒயர். ரிலேயைத் தட்டிவிடும் சின்ன ஒயர்கள் 86, 85 எண்களில். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து. 85-இலிருந்து வெப்பச் சுவிட்ச் வழியாக எர்த். இந்தச் சின்ன வழியில் ஓடுவது 0.2 ஆம்பியர்கூட இல்லை. சாவி சுவிட்ச் அதைத் தாராளமாகத் தாங்கும். இந்த எண்கள் ஜெர்மானியத் தரத்தில் பிறந்து உலகம் முழுக்கப் பொதுவானவை; மாருதி ரிலேயானாலும் பாஷ் ரிலேயானாலும் அடியில் அச்சிட்டிருக்கும். ஐந்து முனை ரிலே வாங்கினால் நடுவில் இருக்கும் 87ஏ-இல் ஒன்றும் மாட்டாதீர்கள். அது ரிலே தட்டாதபோது கரண்ட் தருவது.

வெப்பச் சுவிட்சுக்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு தட்டுச் சுவிட்சும் வையுங்கள். வெப்பச் சுவிட்ச் ஒருநாள் கைவிடும். அன்று அது காப்பாற்றும். 87-ஆம் முனையிலிருந்து ஒரு சின்ன விளக்கையும் கண்முன் கொண்டுவந்தால் ஃபேனுக்குக் கரண்ட் போகிறதா என்று இன்ஜின் சத்தத்தில் காதைத் தீட்ட வேண்டியதில்லை. ரிலே இல்லாமல் சாவி வழியாக நேரே கொடுப்பதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்ததும், சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் தானே ஒரு சின்ன டைனமோவாகி இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் அனுப்ப, இன்ஜின் சில நொடி நிற்காமல் ஓடும்.

வெப்பச் சுவிட்சை எங்கே வைப்பது என்பதில் பட்டறைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இன்ஜினிலிருந்து வெளியேறும் மேல் ஹோஸில் வைத்தால் சூடு உடனே தெரியும். ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் வைத்தால், ரேடியேட்டர் தன் வேலையை முடித்த பிறகும் தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று தெரியும், வீணாக ஓடாது. கீழே வைப்பதே நேர்த்தி என்பேன், ஆனால் அங்கே வெப்பம் குறைவாக இருக்கும் என்பதால் 85 டிகிரி அளவிலேயே தட்டும் சுவிட்ச் வேண்டும். மேல் ஹோஸ் என்றால் 92 சரி. எங்கே வைத்தாலும், தெர்மோஸ்டாட் 82 டிகிரிக்கு அருகில் திறக்கும் வண்டியில் அதற்குக் கீழே ஃபேனைத் தட்டவிடக்கூடாது; ஓயாமல் ஓடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். பீர்மேட்டுக் குளிர்க் காலையில் அந்த வண்டிக்கு முள் அசையாது. இன்ஜின் அரைச்சூட்டில் ஓடி டீசலைக் குடிக்கும். கழற்றியவர் அதை “கூலா ஓடுது” என்று பெருமையாகச் சொல்வார்.

மாட்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை. இன்ஜின் பக்கம் வைத்து இழுக்கும் ஃபேன் சிறந்தது. அம்பாசிடரில் வாட்டர் பாடியின் மூக்கு இடித்தால் கிரில் பக்கம் வைத்துத் தள்ளும் ஃபேன் போடலாம். இழுப்பதற்குச் செய்த இதழைத் தள்ளுவதற்கு ஒயரை மாற்றி ஓட்டினால் சுற்றும், காற்று பாதிகூட வராது. கூண்டோடு வரும் ஃபேனையே தேடுங்கள். ரேடியேட்டர் இதழ்களுக்குள் நைலான் டை குத்தி ஃபேனைத் தொங்கவிடும் வேலையை அனுமதிக்காதீர்கள். அதிர்வில் ஆறே மாதத்தில் குழாய் அறுந்து ஒழுகும். தட்டை இரும்பில் சட்டம் அடித்து ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட வேண்டும். பழைய ஃபேனைக் கழற்றும்போது பெல்ட்டைக் கழற்றிவிடக்கூடாது. வாட்டர் பாடியும் சார்ஜும் அதில்தான் ஓடுகின்றன. ஃபேன் தடிமன் போன பிறகு அதே நீளப் போல்ட் உள்ளே போய் இடிக்கலாம். வாஷர் போட்டுச் சரிசெய்ய வேண்டும். கடைசியில் ஒரு தாளை ரேடியேட்டர் முன் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் போகிறது. கழற்றிய பெல்ட் ஃபேனை டிக்கியில் போட்டுவையுங்கள். முதல் ஒரு வருடத்துக்காவது.

இதுவரை சொன்னது பழைய வண்டிகளுக்கு. 2000-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் ஃபேனைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். அதில் நீங்களாக ஒரு சுவிட்ச் இழுப்பது தேவையில்லாத தலையீடு. ஃபேன் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிளக், மோட்டார் கார்பன் என்று அந்த வரிசையில் பார்க்கவும். பல மாடல்களில் தண்ணீர் வெப்ப சென்சாரின் பிளக்கைக் கழற்றினால், சென்சார் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். ஓடினால் மோட்டாரும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேல். வழியில் “டைரக்ட்” கொடுத்து வீடு சேர்வது தப்பில்லை. நடுவில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும், மறுநாள் அதைப் பிரித்துவிடுங்கள். மறக்கப்பட்ட “டைரக்ட்” ஒயர்களோடு வருடக்கணக்கில் ஓடும் கார்கள் நம் சாலைகளில் எத்தனையோ. பேட்டரி கார்கள் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவற்றிலும் முன்பக்கம் ரேடியேட்டர் உண்டு, ஃபேன் உண்டு; வேகச் சார்ஜில் நிற்கும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் தடுக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதி செய்தது. ரேடியேட்டர் ஃபேன் ஆர்.சி.யில் வரும் விவரமில்லை என்பதால் அதைத் தொடாது என்பது என் புரிதல். ஆனால் ஒயரிங்கில் தீப்பிடித்து இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போது, பட்டறை ஒயரைச் சர்வேயர் எப்படிப் பார்ப்பார் என்பது வேறு கதை. அதற்காகவாவது ஃபியூஸ் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சாவி போட்டிருக்கும்போது இன்ஜின் ஓடாவிட்டாலும் மின்சார ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். சில வண்டிகளில் சாவி இல்லாமலேகூடச் சுற்றும். பானட்டுக்குள் கை விடுமுன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், வேட்டி நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரம் தொடாதீர்கள்.

இந்த வருடம் மாலை போடுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வண்டியை வாசலில் நிழலில்லாத இடத்தில் நிறுத்தி, ஏ.சி. போடாமல் அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஃபேன் எத்தனையாவது நிமிடத்தில் ஓடுகிறது, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஓடி, நின்று, மறுபடி ஓடினால் வண்டி மலைக்குத் தயார். ஓடிக்கொண்டே இருந்தால் ரேடியேட்டர் கடைக்குப் போங்கள். ஓடவேயில்லை என்றால், எல்லையைத் தாண்டாதீர்கள்.